ஆங்கிலத்தின் ‘ரூட்’: எங்கே வேர், எங்கே மூலம், எங்கே வழி?

களையைத் தண்டோடு பிடித்து வெடுக்கென்று இழுத்தால் பாதியில் அறுந்து வரும். தரை சுத்தமானது போலத் தெரியும். ஒரு மழை பெய்தால் அதே இடத்தில் மறுபடி துளிர்க்கும். மண்ணை நனைத்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பிடித்து, லேசாக அசைத்து இழுத்தால்தான் வேர் முழுதாக வரும். ஆங்கிலத்தில் ‘ரூட்’ என்ற சொல்லுக்கு உள்ள பொருள்களில் பெரும்பாலானவற்றைப் புரிந்துகொள்ள இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

சிக்கல் என்னவென்றால், நம் பேச்சில் ‘ரூட்’ என்று பல சொற்கள் உலவுகின்றன. ‘அங்கே போக ரூட் தெரியுமா?’ என்று கேட்கிறோம். ‘பல்லுக்கு ரூட் கெனால் பண்ணணும்’, ‘ஃபோனை ரூட் பண்ணிட்டான்’, ‘16-க்கு ஸ்கொயர் ரூட் 4’, ‘பிரச்சினைக்கு ரூட் காஸ் என்ன?’ என்கிறோம். எல்லாம் ஒரே ஒலி. அதனால் சிலர் எல்லாமே ஒரே சொல் என்று நினைக்கிறார்கள். வேறு சிலர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டுமே தவறு. இவற்றில் பெரும்பகுதி ஒரே சொல்லின் கிளைகள்; ஒன்றிரண்டு மட்டும் வேற்றுச் சொற்கள். எது எது என்று பிரிக்கத் தெரிந்தால் மனப்பாடச் சுமை பாதியாகக் குறையும்.

முதலில் ‘வழி’யைப் பிரித்து வைப்போம்

பேருந்து போகும் ‘ரூட்’டுக்கும் செடியின் ‘ரூட்’டுக்கும் எந்த உறவும் இல்லை. செடியின் வேர் ஆர்-ஓ-ஓ-டி. வழி ஆர்-ஓ-யு-டி-இ. வேரைக் குறிக்கும் சொல் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவிய மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. வழியைக் குறிக்கும் சொல் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. அதன் மூலப்பொருள் ‘உடைக்கப்பட்டது’, அதாவது காட்டையும் மேட்டையும் உடைத்துப் போட்ட பாதை. இப்படி ஒலி ஒன்றாகவும் பிறப்பும் பொருளும் வேறாகவும் இருப்பவை ஒலியொப்புச் சொற்கள்.

பிரிட்டிஷ் உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அமெரிக்கர்கள் பலர் வழியைக் குறிக்கும் சொல்லை ‘ரவுட்’ என்பார்கள். இணையத்தில் தரவுக்கு வழிகாட்டும் கருவியை நாம் ‘ரவுட்டர்’ என்பது அந்த உச்சரிப்பால்தான். பிரிட்டனில் அதுவே ‘ரூட்டர்’.

எழுதும்போது தவறு நேர்வது இரண்டு இடங்களில். ‘ரூட் காஸ்’ என்பதில் வழிக்கான எழுத்துகளைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே வர வேண்டியது வேர். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதற்கான ‘ஆன் ரூட்’ என்ற பிரெஞ்சுத் தொடரில் வேரைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே வர வேண்டியது வழி. எழுத்துப் பிழை காட்டும் மென்பொருள் இவற்றைப் பல சமயம் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள்தான்.

வேர் செய்யும் நான்கு காரியங்கள்

இப்போது வேரையே பார்ப்போம். அது கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இருக்கிறது. செடியைச் சாயாமல் பிடித்து நிற்கிறது. நீரையும் தாதுக்களையும் உறிஞ்சி மேலே அனுப்புகிறது. விதை முளைக்கும்போது பெரும்பாலும் முதலில் வெளியே வருவதும் அதுதான். தண்டும் இலையும் பிறகுதான். மறைந்திருத்தல், பிடித்தல், ஊட்டுதல், முதலாக இருத்தல் என்று இந்த நான்கையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

ஒரு சொல்லின் அடிப்படைப் பொருளிலிருந்து உவமை வழியாகப் புதிய பொருள் முளைப்பதைக் கிளைப்பொருள் என்று அழைப்போம். ‘கால்’ உடலுறுப்பாக இருந்து நாற்காலியின் கால், பந்தல்கால் என்று விரிந்தது இப்படித்தான். ‘ரூட்’ விரிந்த விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு துறையும் வேரின் நான்கு காரியங்களில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. விட்டுவிட்டதையும் நாம் சேர்த்து இழுத்து வரும்போதுதான் குழப்பம் வருகிறது.

சுருக்கமாக: வழியைக் குறிப்பது வேறு சொல். வேரைக் குறிப்பது ஒரே சொல். அதற்குப் பல கிளைப்பொருள்கள். ஒவ்வொன்றும் வேரின் ஏதோ ஒரு குணத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது.

மறைந்திருப்பது: ‘ரூட் காஸ்’

கூரையில் ஈரக்கறை. மேலே வண்ணம் பூசுகிறோம். ஒரு மாதத்தில் கறை திரும்ப வருகிறது. கறைக்குக் காரணம் ஈரம். ஈரத்துக்குக் காரணம் மேலே ஓடும் குழாயின் இணைப்பில் கசிவு. கசிவுக்குக் காரணம் தேய்ந்துபோன ஒரு வாஷர். இவை எல்லாமே ‘காஸ்’, அதாவது காரணம். வாஷர்தான் ‘ரூட் காஸ்’. எதை நீக்கினால் தொல்லை திரும்ப வராதோ அதற்குத்தான் அந்தப் பெயர். பாதியில் அறுந்த களையும் இந்தக் கறையும் ஒரே கதைதான்.

எனவே கண்ணில் படும் முதல் காரணத்தை ‘ரூட் காஸ்’ என்று சொல்வது தவறு. ‘மெயின் ரூட் காஸ்’ என்பதும் பொருந்தாது. வேர் என்று சொன்ன பிறகு ‘முக்கியமான’ என்று சேர்க்கத் தேவையில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட அடிப்படைக் காரணங்கள் இருந்தால் ‘ரூட் காசஸ்’ என்று பன்மையில் எழுதலாம்.

பிடித்து நிற்பது: குடியேறுதல் முதல் திகைத்து நிற்பது வரை

இந்தக் கிளையில் தொடர்கள் நிறைய. ஒவ்வொன்றிலும் ஒருமை, பன்மை, கூட வரும் சிறு சொல் எல்லாம் இறுகிப்போனவை. மாற்றினால் உடனே உறுத்தும்.

‘டேக் ரூட்’ என்றால் ஊன்றிக்கொள்ளுதல். ஒரு கருத்தோ பழக்கமோ மக்களிடையே நிலைபெறும்போது ‘தி ஐடியா டுக் ரூட்’ என்பார்கள். இதில் ரூட் ஒருமை. முன்னால் ‘ஏ’யும் வராது, ‘தி’யும் வராது. ‘ஏ’ போட்டுப் பேசினால் கேட்பவர் ‘ஒரு வழியில் போனார்கள்’ என்று எடுத்துக்கொள்வார், ஏனென்றால் ‘டேக் ஏ ரூட்’ என்பது வழிக்கு உரிய தொடர்.

‘புட் டவுன் ரூட்ஸ்’ என்றால் ஓர் ஊரில் நிலையாகக் குடியமர்தல். இங்கே எப்போதும் பன்மை. முன்னது கருத்துக்கு, பின்னது ஆளுக்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

‘ரூட்டட் இன்’, ‘ரூட்டட் டு’ இரண்டும் வேறு. ‘இன்’ வந்தால் ‘அதில் வேரூன்றிய’: பயத்தில் வேரூன்றிய வெறுப்பு என்பது போல. ‘டு’ வந்தால் அசையாமை: ‘ரூட்டட் டு தி ஸ்பாட்’ என்றால் அதிர்ச்சியில் நின்ற இடத்திலேயே உறைந்து நிற்பது. ‘டீப்-ரூட்டட்’ என்பது எளிதில் அகற்ற முடியாதது. ‘அப்ரூட்’ என்பது வேரோடு பிடுங்குதல். சொந்த இடத்தைவிட்டுப் பெயர்க்கப்பட்ட மக்களைக் குறிக்கவும் அதையே சொல்வார்கள்.

‘ரூட் அண்ட் பிராஞ்ச்’ என்றால் அடியோடு, முற்றாக. நம் ‘வேரும் வேரடி மண்ணும்’ தொடருக்கு நெருங்கியது. விவிலியத்தின் மலாக்கி நூலிலிருந்து வந்த தொடர் இது. திருச்சபையில் ஆயர் (பிஷப்) ஆட்சி முறையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று 1640-இல் லண்டன் மக்கள் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த மனுவுக்கும் இதே பெயர் நிலைத்துவிட்டது.

பல்லின் வேரும் இந்தக் கிளைதான். தாடை எலும்புக்குள் பல்லைப் பிடித்து வைக்கும் பகுதி அது. முன்பற்களுக்குப் பெரும்பாலும் ஒரு வேர், கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு வழக்கமாக இரண்டு, மேல் கடைவாய்ப் பற்களுக்கு வழக்கமாக மூன்று. இந்த வேருக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் மெல்லிய கால்வாய்தான் ‘ரூட் கெனால்’. எனவே அது முதலில் பல்லின் ஒரு பகுதியின் பெயர். பிறகுதான் சிகிச்சைக்குப் பெயரானது. சிகிச்சையில் கால்வாய்க்குள் அழுகிய அல்லது நோயுற்ற திசுவை எடுத்து, சுத்தம் செய்து, நிரப்பி அடைக்கிறார்கள். வேரைப் பிடுங்குவதில்லை. வேரைக் காப்பாற்றி அதன்மேல் பல்லை நிற்க வைப்பதே நோக்கம். களை பிடுங்கும் நினைப்பை இங்கே கொண்டுவருவதால்தான் ‘வேரையே எடுத்துவிடுவார்கள்’ என்ற வீண் பயம் பலருக்கு வருகிறது.

முதலாக இருப்பது: எண், இசை, கணினி, சொல்

மிக வளமான கிளை இதுதான்.

9 சதுரக் கட்டங்கள் கொண்ட ஒரு பெரிய சதுரத்தை வரையுங்கள். அதன் ஒரு பக்கம் 3. அந்த 3-லிருந்துதான் 9 வளர்ந்தது. எனவே 3 அதன் வேர். ‘ஸ்கொயர் ரூட்’ என்பதன் முழு விளக்கம் இவ்வளவே. தமிழில் ‘வர்க்கமூலம்’ என்கிறோம்; மூலம் என்ற வடசொல்லுக்கும் வேர் என்றே பொருள். 499-இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்திலேயே வர்க்கமூலம் காணும் முறை இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் எழுதிய கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியும் வேரைக் குறிக்கும் அரபுச் சொல்லையே ஆண்டார். அதை லத்தீனில் ‘ராடிக்ஸ்’ என்று மொழிபெயர்த்தார்கள்; அதற்கும் பொருள் வேர். √ குறி முதலில் அச்சானது 1525-இல், கிறிஸ்டாஃப் ருடால்ஃபின் ஜெர்மன் இயற்கணித நூலில்.

கணிதத்தில் ‘ரூட்’ இன்னொரு இடத்திலும் வரும்: ஒரு சமன்பாட்டை உண்மையாக்கும் எண்ணுக்கு அதன் ‘ரூட்’ என்று பெயர். எக்ஸ்² − 5எக்ஸ் + 6 = 0 என்ற சமன்பாட்டில் எக்ஸுக்கு 2 போட்டுப் பாருங்கள்: 4 − 10 + 6 = 0. 3 போட்டாலும் 9 − 15 + 6 = 0. ஆக, அதன் ரூட்கள் 2, 3. மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. √9 என்று எழுதினால் விடை 3 மட்டும். அந்தக் குறி நேர்ம மதிப்பை மட்டுமே குறிக்கும். எக்ஸ்² = 9 என்ற சமன்பாட்டின் ரூட்கள் என்று கேட்டால் 3, −3 என இரண்டும் வேண்டும். ஒன்றில் கேட்பது குறியின் மதிப்பு, மற்றதில் கேட்பது சமன்பாட்டின் தீர்வு.

மேற்கத்திய இசையில் பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கும் தொகுதிக்குக் ‘கார்டு’ என்று பெயர். ஒரு கார்டு எந்த ஸ்வரத்தின்மேல் கட்டப்படுகிறதோ அதுவே அதன் ‘ரூட்’. சி மேஜர் கார்டு சி, இ, ஜி என்ற மூன்று ஸ்வரங்களால் ஆனது; ரூட் சி. வாசிப்பவர் இ-யைக் கீழே வைத்து அதற்கு மேலே ஜி, சி என்று வாசித்தாலும் ரூட் சி-தான். வேர் என்றதும் ‘அடியில் இருப்பது’ என்று நினைத்து, கீழே ஒலிப்பதையே ரூட் என்று சொல்வது புதியவர்கள் செய்யும் பிழை. இசை எடுத்துக்கொண்டது வேரின் ‘முதலாக இருத்தல்’ குணத்தை மட்டுமே.

கணினியில் இது இன்னும் வெளிப்படை. கோப்புறைகளைக் கிளை கிளையாக வரையும்போது ‘ரூட்’ உச்சியில் இருக்கும். மரம் தலைகீழாகத் தொங்கும். இருந்தாலும் எல்லாக் கிளைகளும் அங்கிருந்து பிரிவதால் அதுதான் வேர். யூனிக்ஸ், லினக்ஸ் என்ற இயங்குதளங்கள் உள்ள கணினிகளில் இந்த முதல் கோப்புறையின் பெயர் வெறும் சாய்கோடு: / . அதே கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்கும் ‘ரூட்’ என்றுதான் பெயர். அவருடைய அடையாள எண் 0. அவருக்கென்று தனிக் கோப்புறை ஒன்று உண்டு. லினக்ஸில் அதற்கு வழக்கமான பெயர் சாய்கோட்டுக்குப் பின் ‘ரூட்’ என்று எழுதியது. ஆக, ‘ரூட்டுக்குப் போ’ என்று யாராவது சொன்னால் மூன்றில் எது என்று கேட்டுவிடுவது நல்லது: முதல் கோப்புறையா, ரூட் பயனராக நுழைவதா, அந்தப் பயனரின் கோப்புறையா? எல்லா அதிகாரமும் கையில் இருக்கும்போது தவறான இடத்தில் கொடுத்த அழிப்புக் கட்டளையைக் கணினி பெரும்பாலும் தடுக்காது.

‘ஃபோனை ரூட் பண்ணுவது’ இந்தப் பயனரிலிருந்து வந்த வினைச்சொல். ஆண்ட்ராய்டு ஃபோனில் சாதாரணமாக நமக்குக் கிடைக்காத அந்த முழு அதிகாரத்தைப் பெறுவதுதான் அது. அதைச் செய்தபின் வங்கிச் செயலிகள் பல இயங்க மறுப்பதற்குக் காரணமும் இதுவே: நமக்குத் திறந்த கதவு தீய நிரலுக்கும் திறந்திருக்கலாம் என்று அவை கருதுகின்றன.

சொல்லிலக்கணத்தில் ‘ரூட்’ என்றால் மேலும் பிரிக்க முடியாத பொருள் தரும் பகுதி, நம் வேர்ச்சொல். ‘ரூட்ஸ்’ என்று பன்மையில் ஒருவரைப் பற்றிச் சொன்னால் பூர்விகம், வம்சம்.

சுருக்கமாக: இந்தக் கிளையில் ‘கீழே’, ‘மறைவாக’ என்ற எண்ணங்களை விட்டுவிடுங்கள். ‘எதிலிருந்து மற்றவை வந்தன?’ என்று மட்டும் கேளுங்கள். ஊட்டுதல் என்ற குணத்தை ஆங்கிலத் தொடர்கள் ஏனோ அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை. வேர் இரவும் பகலும் செய்யும் வேலை அது; மொழி அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாதது எனக்கு வியப்பே.

சமையலறையில் ‘ரூட்’ கொஞ்சம் தாராளம்

மண்ணுக்கு அடியில் விளைவதையெல்லாம் ஆங்கிலப் பேச்சு ‘ரூட் வெஜிடபிள்’ என்று சேர்த்துவிடுகிறது. தாவரவியல் அப்படிச் சொல்லாது. கேரட், பீட்ரூட், முள்ளங்கி, சர்க்கரைவள்ளி ஆகியவை வேர்கள்தான் (முதல் மூன்றில் மேற்பகுதி கொஞ்சம் தண்டோடு சேர்ந்தது). உருளைக்கிழங்கும் இஞ்சியும் தண்டுகள். கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்: உருளையில் சிறு குழிகளாக ‘கண்கள்’ இருக்கும், அவை மொட்டுகள், அங்கிருந்துதான் முளை வரும். இஞ்சியில் குறுக்கே வளையம் வளையமாகக் கோடுகள் ஓடும், அவை கணுக்கள். கணுவும் வரிசையான மொட்டும் தண்டின் அடையாளம். கேரட்டில் அப்படி எதுவும் இல்லை. ‘ஜிஞ்சர் ரூட்’ என்று பொட்டலத்தில் எழுதியிருந்தால் அது வழக்குச் சொல் என்று ஏற்றுக்கொள்ளலாம். பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

வினைச்சொல்: இங்கே ஒரு பன்றி நுழைகிறது

‘ரூட்’ வினையாக வரும்போது பின்னால் வரும் சிறு சொல்தான் பொருளைத் தீர்மானிக்கும்.

‘ரூட் அவுட்’ என்றால் தேடிக் கண்டுபிடித்து ஒழித்தல், ஊழலை, தவறுகளை. வேரைத் தோண்டி எடுக்கும் காட்சி இதில் தெளிவு. ‘ரூட் த்ரூ’, ‘ரூட் அரவுண்ட்’ என்றால் பைக்குள்ளோ அலமாரிக்குள்ளோ கிளறித் தேடுதல். இது வேர் அல்ல. பன்றி மூக்கால் மண்ணைக் கிளறுவதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘ரோட்டன்’ என்று வேறொரு வினை இருந்தது. அதன் எழுத்து காலப்போக்கில் வேரின் எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரே எழுத்து, இரண்டு பிறப்பு.

‘ரூட் ஃபார்’ என்றால் ஓர் அணியையோ ஆளையோ வெற்றிபெற வேண்டும் என்று ஆதரித்தல். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிய வழக்கு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ‘ரூட்’ என்ற வினைக்கு உடலுறவு என்ற கொச்சைப் பொருள் உண்டு. அங்குள்ளவர்களிடம் ‘சப்போர்ட்’ என்று சொல்லிவிடுவது பாதுகாப்பு.

வேரின் உறவினர்கள்

லத்தீன் ‘ராடிக்ஸ்’ஸும் ஆங்கில ‘ரூட்’டும் ஒரே பழங்குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால்தான் முள்ளங்கிக்கு ‘ராடிஷ்’ என்று பெயர். ‘ராடிகல்’ என்றால் வேர்வரை போகிற. அடிப்படையையே மாற்றச் சொல்பவர் ராடிகல். ‘எராடிகேட்’ என்பது ‘வேரோடு வெளியே’. நோய்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லை மருத்துவத் துறை கண்டிப்பாகவே பயன்படுத்துகிறது. நோய் குறைந்தால் அது கட்டுப்பாடு. ஒரு நாட்டிலோ பகுதியிலோ இல்லாமல் போனால் ‘எலிமினேஷன்’. உலகில் எங்குமே இல்லை என்றால்தான் ‘எராடிகேஷன்’. பெரியம்மை அப்படி ஒழிந்ததாக உலக சுகாதார அமைப்பு 1980-இல் அறிவித்தது. வேர் எங்கேனும் மிஞ்சியிருந்தால் அந்தச் சொல்லைப் போட முடியாது.

புதிய வாக்கியத்தில் பார்த்தால் என்ன செய்வது?

முதலில் எழுத்தைப் பாருங்கள்: ஓ-ஓ இருந்தால் பெரும்பாலும் வேர்க் குடும்பம் (வினையில் மட்டும் அந்தப் பன்றியும் இருக்கலாம்), ஓ-யு இருந்தால் வழி. அடுத்து, பெயரா வினையா? வினை என்றால் பின்னால் வரும் சிறு சொல்லைப் பிடியுங்கள். பெயர் என்றால் எந்தத் துறை என்று பார்த்து, மறைந்திருப்பதா, பிடிப்பதா, முதலாக இருப்பதா என்று கேளுங்கள். அகராதியில் தேடும்போது சொல்லின் தலையில் சிறிதாக 1, 2 என்று எண் போட்டிருப்பதைக் கவனியுங்கள். பல அகராதிகளில் தனித்தனி எண் என்றால் பிறப்பே வேறான சொற்கள். ஒரே எண்ணுக்குக் கீழே வரிசையாக வருபவை கிளைப்பொருள்கள்.

ஒரு வாக்கியத்தில் சோதித்துப் பாருங்கள்: ‘தி ஆடிட்டர்ஸ் ரூட்டட் த்ரூ தி ஃபைல்ஸ், ஃபவுண்ட் தி ரூட் காஸ், அண்ட் ரூட்டட் அவுட் தி ஃப்ராட்.’ முதல் ரூட் பன்றியினுடையது: கோப்புகளைக் கிளறினார்கள். இரண்டாவது மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேர்: அடிக்காரணத்தைக் கண்டார்கள். மூன்றாவது, நனைந்த மண்ணிலிருந்து முழுதாக வெளியே வந்த களை: மோசடியை அடியோடு ஒழித்தார்கள்.